சுட்டு வீடு

என் சின்ன மாமாவின் மகன் பச்சையப்பன் சென்ற மாசி மாதம் திருத்தணியில் காலமானார். எங்கள் தாய்வழிக் குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, திருமணக் குறிப்புகளை எழுதி வருகிறவள் நான் என்பதால், அவர் பெயருக்கு எதிரே இறந்த நாளை எழுதும் கடமையும் எனக்கே வந்தது. எழுதினேன். அதே குறிப்பில், எண்பத்தேழாம் ஆண்டு இறந்த சுதா என்ற குழந்தையின் பெயருக்கு எதிரே, 'பச்சையப்பன் வைத்த தீயில்' என்று எனக்கு முன் எழுதியவர் எழுதியிருக்கிறார். அந்த வரிக்குப் பக்கத்தில் எழுத இடம் போதாது. ஆகையால் இதைத் தனியாக எழுதிச் சேர்க்கிறேன். தான் உயிரோடு இருக்கும்வரை இதை எழுதக்கூடாது என்று பச்சையப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கண்டதைக் கண்டதாகவும், அவர் சொல்லி அறிந்ததை அவர் சொன்னதாகவும் எழுதுகிறேன்.

பள்ளிப்பட்டைத் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊரில் என் தாத்தாவுக்கு ஒரு வீடு இருந்தது. நெற்கூடையைக் கவிழ்த்து வைத்தது போன்ற வீடு: வட்டமான மண்சுவர், அதன்மேல் தரையைத் தொடுமளவு தழைந்த பனையோலைக் கூரை, குனிந்து நுழையும் ஒரே வாசல். ஊரார் அதைப் 'பெரிய வூடு' என்பார்கள். தாத்தாவின் பெயர் பச்சையப்பன். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கப்படி சின்ன மாமா தன் மகனுக்கும் அதே பெயரை வைத்தார். தாத்தாவுக்கு முன்பே சின்ன மாமா இறந்துவிட்டார். அவர் மனைவி வள்ளியம்மாள் நகரிப் பக்கத்துப் பெண். கணவனை இழந்தபின் மகனோடு பெரிய மாமாவின் ஆதரவில் அதே வீட்டில் இருந்தார்.

எண்பத்தேழு பங்குனியில் ஒரு பிற்பகல் அந்த வீடு எரிந்தது. உள்ளே பெரிய மாமாவின் கடைசி மகள் சுதா தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று வயது. மற்றவர்கள் கரும்புத் தோட்டத்தில் இருந்ததாகச் சொன்னார்கள். பத்தொன்பது வயதுப் பச்சையப்பன் புளியமரத்தடியில் படுத்திருந்தவர், புகையைக் கண்டு உள்ளே ஓடினார். எரிந்து விழுந்த ஓலை அவருடைய இரு முன்கைகளையும் பொசுக்கியது. குழந்தையை எடுக்க முடியவில்லை. தீ அடங்கிய பிறகு, வீட்டருகே யார் இருந்தது என்று பெரிய மாமா கேட்டார். வள்ளியம்மாள் அத்தை, மகன்தான் இருந்தான் என்றார். அது உண்மை. வெந்த கைகளைப் பார்த்தவர்கள் மிச்சத்தைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். பீடி என்றார்கள், பெரியப்பன் மேல் கோபம் என்றார்கள்.

இவையெல்லாம் காலப்போக்கில் மங்கியிருக்கலாம். ஆனால் அதே ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு புத்தகம் ஊருக்கு வந்தது. புத்தூர்ப் பக்கத்து ஓவிய ஆசிரியர் ஒருவர், தெலுங்கர், விடுமுறை நாட்களில் சைக்கிளில் வந்து எல்லையோர வீடுகளை நாடா பிடித்து அளந்து, வரைந்துகொண்டு போவார். தாத்தா உயிரோடு இருந்தபோது எங்கள் வீட்டையும் வரைந்திருந்தார். அவற்றைச் சேர்த்து 'எல்லைப்புறக் கிராம மனைகள்' என்ற பெயரில், திருத்தணியில் ஓர் அச்சகத்தில் தம் சொந்தச் செலவில் தமிழில் அச்சிட்டு, பெரிய மாமாவுக்கு ஒரு பிரதி அனுப்பினார். எங்கள் வீட்டுப் படத்தின் கீழே 'பச்சையப்பன் சுட்ட வீடு' என்று இருந்ததாம். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. வெளியூர் வாத்தியாருக்கே தெரிந்திருக்கிறது என்றார்கள். தாத்தா இறந்துவிட்டபடியால், ஊரில் அந்தப் பெயருக்கு உரியவர் ஒருவரே இருந்தார். படத்தில் வீடு முழுதாக இருக்கிறதே என்று யாரோ கேட்டதற்கு, சுடுவதற்கு முன் இருந்த வடிவம் அது என்று விடை கிடைத்தது.

அதன்பின் பச்சையப்பனின் கைக்கு நெருப்பு ஆகாது என்று ஆயிற்று. குடும்பத்தில் கற்பூரத் தட்டு வந்தால் அவரைத் தாண்டிப் போகும். மணமேடையில் விளக்கேற்றும் நேரத்தில் யாரேனும் அவரை வெளியே அனுப்ப ஒரு வேலை கண்டுபிடிப்பார்கள். மூன்று இடங்களில் பெண் கேட்டார்கள். அவற்றுள் ஒன்று எங்கள் வீடு, என் அக்காவுக்காக. என் தந்தை, கூரை வீட்டில் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று சிரித்தாராம். அத்தையும் மகனும் ஊரை விட்டுத் திருத்தணிக்கு வந்து, மலையடிவாரச் சந்தில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துக்கொண்டார்கள். அவர் தனியார் பேருந்தில் நடத்துநரானார். திருத்தணிக்கும் பள்ளிப்பட்டுக்கும் இடையே ஓடிய வண்டி. ஆகவே சொந்த ஊர் மக்களுக்கே நாள்தோறும் பயணச்சீட்டு கிழிக்க நேர்ந்தது.

பெரிய மாமாவின் மகன் குமரவேல் ஒரு நாள் அந்த வண்டியில் ஏறியபோது நானும் இருந்தேன். கூட்டத்தின் நடுவிலிருந்து, குரலை உயர்த்தாமலே அவர் கேட்டார்: "வத்திப்பொட்டி, சோளிங்கர் கூட்ரோடுக்கு ஒண்ணு குடு." வண்டி முழுவதும் சிரித்தது. பச்சையப்பன் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அன்றுமுதல் ஓட்டுநர்கூட அவரை அந்தப் பெயரால்தான் அழைத்தார். குமரவேலைக் கொடியவர் என்று எழுதிவிட என்னால் முடியாது. எரிந்து போனவள் அவருடைய தங்கை. தூளியை உத்தரத்தில் கட்டியதும் அவர்தான் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வள்ளியம்மாள் அத்தை படுக்கையில் விழுந்தார். அந்தச் சமயத்தில் குமரவேலின் மகள் மோகனப்ரியாவின் திருமணம் திருத்தணியில் நடந்தது. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த உறவினர்கள் நடுவில், அத்தைக்கு யார் கொள்ளி வைப்பது என்ற பேச்சு, அத்தை உயிரோடு இருக்கும்போதே எழுந்தது. ஒரே மகன் இருக்கும்போது இதில் என்ன பேச்சு என்று பச்சையப்பன் கேட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். வீட்டைக் கொளுத்திய கையால் குடும்பத்துப் பிணத்துக்கு நெருப்பு வைக்க விடமாட்டேன் என்றார் குமரவேல். அப்போது பச்சையப்பன், தான் பல காலமாக யோசித்து வைத்திருந்த ஒன்றைச் சொன்னார்: புத்தகத்தில் இருந்தது 'சுட்ட' அல்ல, 'சுட்டு'. அன்று தான் பார்த்தது நினைவிருக்கிறது. 'ட'வுக்குக் கீழே ஒரு சுழி இருந்தது. அச்சுப்பிழை என்று எல்லாரும் அதைத் தள்ளிவிட்டார்கள். நகரிப் பக்கத்துப் பயணி ஒருவர் வண்டியில் வட்ட வீட்டைச் 'சுட்டில்லு' என்று சொல்லக் கேட்டபோதுதான் அவருக்கு உறைத்ததாம். தெலுங்கில் 'சுட்டு' என்றால் சுற்று. வட்டமாகச் சுற்றிக் கட்டிய வீடு. பச்சையப்பன் என்பது தாத்தா.

ஊர்ப் பிரதியைக் கரையான் தின்று வெகுகாலம் ஆகியிருந்தது. குமரவேல் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"புஸ்தகத்தக் கொண்டா. அதுல சுழி இருந்தா நீயே வெச்சிக்கோ, நான் தண்ணிப் பானை தூக்கினு பின்னால வரேன். சுழி இல்லன்னா சுடுகாட்டுப் பக்கம் தல காட்டக் கூடாது. சம்மதமா?"

"ஆங்" என்றார் பச்சையப்பன்.

தாயார் போவதற்குள் புத்தகம் கிடைக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு அவர் அலையத் தொடங்கினார். திருத்தணி அச்சகம் இருந்த இடத்தில் பிளக்ஸ் பேனர் கடை இருந்தது. அச்செழுத்துகளை உருக்கிக் கிலோ கணக்கில் விற்றாயிற்று என்றார் உரிமையாளரின் மகன். புத்தூரில் ஆசிரியரின் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அவர் இறந்ததும் குடும்பம் போன இடம் அவர்களுக்குத் தெரியவில்லை. சித்தூர், அரக்கோணம், திருவள்ளூர் என்று பழைய புத்தகக் கடைகளையும் நூலகங்களையும் அவர் ஏறி இறங்கினார். போகிற இடமெல்லாம், மனையடி சாத்திரமா என்று கேட்டு, வாசல் எந்தத் திசையில் வைக்கலாம் என்று சொல்லும் மலிவுப் பதிப்பை எடுத்து நீட்டினார்களாம்.

தேடலைக் குடும்பத்தில் எல்லாரும் அறிந்திருந்ததால் அது ஒரு பொழுதுபோக்காகவும் ஆயிற்று. ஆர்.கே.பேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடையில் புத்தகம் இருப்பதாக யாரோ தொலைபேசியில் சொன்னார்கள். வெயிலில் போய் இறங்கினார். கடைக்காரர், எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லி, செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். பிரித்தால் உள்ளே வரிசையாக அடுக்கிய தீப்பெட்டிகள். கடைக்குள்ளே இருந்து இரண்டு பேர் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். அந்தப் படம் அன்று மாலையே எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நானும் பார்த்தேன். பொட்டலத்தை மறுபடி நூலால் கட்டி, கடை மேசைமேல் வைத்துவிட்டு அவர் வெளியேறுவது வரை அதில் இருந்தது.

ஆசிரியரின் மகள் தமயந்தி மணவூர் ரயில் நிலையத்துக்கு அருகில் இருப்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு மேலும் சில மாதங்கள் பிடித்தன. அவருடன் அங்கே நானும் போனேன். அந்த அம்மாள் எங்களை வாசலிலேயே நிறுத்திப் பேசினார். புத்தகம் வேண்டும் என்றதும் சிரித்தார்.

"நெல்லு வித்த பணத்துல ஊரான் வூட்டு மண்சுவர அளந்துகினு திரிஞ்சாரு எங்க நைனா. எங்க அம்மா வைத்தியத்துக்குக் காசு இல்லாம செத்துச்சி. மூட்ட மூட்டயா புஸ்தகம் கெடந்தது. ரெண்டு வருசம் நான் வெந்நீர் போட்டேன் அதுல. நல்லா எரியும்."

நாங்கள் திரும்பிச் சாலைக்கு வந்த பிறகு அந்த அம்மாள் கூப்பிட்டார். ஆர்.கே.பேட்டையில் தீனதயாளன் என்ற நெசவாளர் ஒரு பிரதி வாங்கிப் போனதாகவும், அவருடைய அப்பாவின் தறி வீடு அதில் வரையப்பட்டிருந்ததாகவும் சொன்னார். மறுபடியும் ஆர்.கே.பேட்டை என்றதும் பச்சையப்பன் என் முகத்தைப் பார்த்தார். இதுவும் அவர்கள் ஏற்பாடாக இருக்குமோ என்று கேட்டார். இருந்தாலும் போக வேண்டியதுதான் என்று அவரே சொல்லிக்கொண்டார். இனி நடந்ததை அவர் சொன்னபடி எழுதுகிறேன்.

தீனதயாளன் குழித்தறியை மூடி விசைத்தறிகள் போட்டிருந்தார். புத்தகம் இருந்தது. ஓடும் விசைத்தறி ஒன்றின் காலுக்கு அடியில், தரை மேடுபள்ளத்துக்கு முட்டாக இருந்தது. தறி அதிரும்போதெல்லாம் அதன் ஓரத்தில் எண்ணெய் கசிந்தது. பச்சையப்பன் தரையில் மண்டியிட்டு அதன் முதுகைப் பார்த்தார். 'மனைகள்' என்ற எழுத்துகள் தெரிந்தன. தறியை ஒரு நிமிடம் நிறுத்தினால் தானே தூக்கி எடுத்து, பதிலுக்கு மரத்துண்டு வைத்துவிடுவதாகக் கெஞ்சினார். தீனதயாளன் கோபப்படவில்லை. தறியில் ஏற்றிய பாவு நூல் ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது தறிக்காலை அசைத்தால் துணி கோணும், பாவு முடியட்டும் என்றார். எப்போது முடியும் என்று கேட்டதற்கு, மின்சாரம் இருந்தால் முடியும் என்றார்.

அந்த வாரம் மின்சாரம் அடிக்கடி நின்றது. பச்சையப்பன் தறிக்கூடத்திலேயே தங்கினார். அவருடைய தாயாரைப் பார்த்துக்கொண்டிருந்த நான், அத்தை கஞ்சியையும் வேண்டாம் என்கிறார் என்று தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, பாவில் இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது என்றார்.

அவர் வந்து சேர்ந்தபோது கையில் இருந்ததைப் புத்தகம் என்று சொல்வது கடினம். எண்ணெயில் ஊறி, செங்கல் போல் இறுகியிருந்தது. காய்கறி நறுக்கும் கத்தியால் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். எங்கள் வீடு இருந்த பக்கம் முழுதாக வந்தது. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரு வரியும், அன்று ஊரில் யாரும் படிக்காத பொடி எழுத்தில் மேலும் இரண்டு வரிகளும் இருந்ததை எழுத்து மாறாமல் தருகிறேன்: 'பச்சையப்பன் சுட்டு வீடு. சுவர் சுற்றி எழுவதால் தெலுங்கு மக்கள் இவ்வகையைச் சுட்டில்லு என்பர். உரிமையாளர் வயது எழுபது.' சுழி தெளிவாக இருந்தது. பச்சையப்பன் தன் விரலை அதன்மேல் வைத்து, எடுக்காமல் வைத்திருந்தார். பிறகு, இதை முதலில் அம்மா கேட்கட்டும், குடும்பக் குறிப்பு வைத்திருக்கிறவள் நீ, நீயே படி என்றார்.

அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து படித்தேன். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். முடித்ததும் கண்ணைத் திறக்காமலே மகனிடம் சொன்னார்: "அது எனக்கு அன்னிக்கே தெரியும் நைனா. சுட்டில்லுன்னா எங்க ஊர்ல கொயந்தைக்கும் தெரியும்."

பச்சையப்பனுக்கு முதலில் புரியவில்லை. தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னா, அப்ப யாரு வெச்சதுன்னு கேப்பாங்க."

அத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தூளியில் கிடந்த சுதாவைக் கொசு பிடுங்கியதாம். சட்டியில் தணல் போட்டு, வேப்பிலை தூவி, புகைக்காகத் தூளிக்குக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனாராம். காற்று எழுந்ததைக் கிணற்றடியிலிருந்தே பார்த்தாராம். தாலி இல்லாதவள், இன்னொருவர் சோற்றைத் தின்கிறவள், அவர்கள் பெண்ணைக் கொன்றாள் என்றால் தன்னை அந்தத் தீயிலேயே போட்டிருப்பார்கள் என்றார்.

"ஒன்ன அடிச்சாங்க, ஏசனாங்க. என்னக் கொன்னுருப்பாங்க. நீ ஆம்பள, தாங்குவ."

பச்சையப்பன் தன் முன்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் சுருங்கி வழவழப்பான அந்த இடத்தில் முடி முளைத்ததே இல்லை.

புத்தகத்தைத் தான் போன பிறகும் யாருக்கும் காட்டக்கூடாது என்றார் அத்தை. காட்டினால் அந்தக் கேள்வி எழும். எழுந்தால் குமரவேல் தன்னைக் குடும்பத்து இடத்தில் எரிக்க விடமாட்டான், தெருவில் கிடப்பேன் என்றார். நீ கொள்ளி வைத்தால் என்ன, அவன் வைத்தால் என்ன, நெருப்பு ஒன்றுதானே என்று அவர் கேட்டபோது, மகனின் முகத்தை அவர் பார்க்கவில்லை. எங்கள் இருவரிடமும் கையடித்துச் சத்தியம் வாங்கினார். மகனின் கையைத்தான் அதிக நேரம் பிடித்திருந்தார். விட்டுவிடுவானோ என்ற பயமாக இருந்திருக்கலாம்.

அடுத்த அமாவாசைக்கு முன் அத்தை இறந்தார். உறவினர்கள் வந்து சேர்ந்தார்கள். சந்தில் பாடை கட்டிக்கொண்டிருந்தபோது குமரவேல், தீச்சட்டியைக் கையில் எடுக்காமல், எல்லார் முன்னிலையிலும் நின்று கேட்டார். அவர் தம் சொல்லை மறக்கவில்லை. தண்ணீர்ப் பானையைத் தூக்கவும் ஆயத்தமாகவே வந்திருந்தார் என்று நம்புகிறேன்.

"புஸ்தகம் கெடச்சிதுன்னு ஆர்.கே.பேட்டைல சொன்னாங்க. மெய்தானா?"

"ஆங். கெடச்சிது."

"சுழி இருக்குதா?"

பச்சையப்பன் பாடையைப் பார்த்தார்.

"இல்ல. 'சுட்ட'ன்னுதான் போட்டிருக்குது."

ஒருவரும் சிரிக்கவில்லை. குமரவேல் அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து தீச்சட்டியை எடுத்துக்கொண்டு, "அப்ப நீ இங்கயே இரு, வத்திப்பொட்டி" என்றார். உடலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சந்து முனைவரை பறைச் சத்தம் கேட்டது. ஒப்பந்தப்படி பச்சையப்பன் வாசற்படியைத் தாண்டவில்லை.

பெண்கள் உடல் கிடந்த இடத்தைக் கழுவி, அகல் ஏற்றி வைத்தோம். சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் அந்த விளக்கைப் பார்த்த பிறகே தத்தம் வீட்டுக்குப் போகலாம். நாங்கள் பின்புறம் தலைமுழுகிவிட்டு வந்து பார்த்தபோது விளக்கு அணைந்திருந்தது. பச்சையப்பன் அதன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தீப்பெட்டி அவருடைய முழங்காலுக்கு அருகில் கிடந்தது. காத்துல அணஞ்சிப் போச்சி, நீ ஏத்து என்றார். எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. ஏற்றினேன்.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். காலைக் கழுவிவிட்டு முதலில் உள்ளே நுழைந்த குமரவேல் விளக்கையும், தீப்பெட்டியையும், அதன் பக்கத்தில் இருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் ஏற்றியது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் என் ஈரத்தலையைப் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. கீழே கிடந்த பூவால் திரியை அமர்த்தி அணைத்தார். தம் மடியிலிருந்து வேறொரு தீப்பெட்டியை எடுத்து, மறுபடியும் ஏற்றினார். அதன் பிறகே மற்றவர்கள் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.